நெய்க்காரனின் ஈரல்

மதுரையில் நெய் மண்டி வைத்திருந்தவர்களில் என் நாக்குக்கு ஈடாக இன்னொரு நாக்கு இருந்ததில்லை. நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம். அந்தக் காலத்துக் கீழ மாசி வீதி ஆட்கள் யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு துளி பட்டால் பசுவா எருமையா என்று சொல்வேன். உருக்கும்போது முருங்கை இலை போட்டார்களா, வெற்றிலை போட்டார்களா என்று சொல்வேன். கடலை எண்ணெய் கலந்தவன் என் எதிரில் டின்னை இறக்கவே யோசிப்பான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெண்ணெய்ப் பானையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாகக் கூவியவன். முப்பத்தைந்து வயதுக்குள் சொந்த மண்டி, சொந்த வீடு, இரண்டு பாரவண்டி. எவன் கையைப் பிடித்தும் நான் மேலே வரவில்லை. என் நாக்கைப் பிடித்துத்தான் வந்தேன்.

அந்த நாக்கே என்னைக் கொல்லப் பார்த்தது.

மண்டியில் ருசி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. டின்னின் அடிவரைக்கும் கம்பியை விட்டு எடுத்து, அதில் ஒட்டியதை உள்ளங்கையில் வழித்து நாக்கில் வைக்க வேண்டும். பிறகு விழுங்க வேண்டும். துப்பக் கூடாது. துப்பினால் சரக்கு கெட்டது என்று அர்த்தம். ஒரு மண்டியில் துப்பப்பட்ட நெய்யை அடுத்த மண்டிக்காரன் தொடமாட்டான். அதனால் நல்ல நெய்யை விழுங்குவதுதான் கொண்டுவந்தவருக்கு நாங்கள் காட்டும் மரியாதை. ஒவ்வொரு டின்னுக்கும் நடுவில் நாக்கை மாற்ற ஒரு துண்டு அச்சுவெல்லம். காலையில் இருபது டின், சந்தை நாளில் முப்பது, நாற்பதுகூட. மத்தியானம் வீட்டுக்குப் போனால் சோற்றில் குழி பறித்து அதில் நெய். சாப்பிட்டதும் தூக்கம். எனக்கு வயிறு முன்னால் வந்தது. நான் அதை மறைக்கவில்லை. ஒட்டிய வயிற்றோடு ஒருவன் நெய் விற்றால் அவனிடம் யார் வாங்குவார்கள்?

என் மனைவியின் தம்பியும் மண்டியில் என்னோடு இருந்தான். நான்தான் அவனுக்குத் தொழில் பழக்கினேன். எனக்கு அடுத்த நாக்கு அவனுடையதுதான். யுத்தம் தொடங்கியிருந்த வருஷம் அது. அவன் ஓயாமல் அசதி என்று சொல்ல ஆரம்பித்தான். கல்லாவிலேயே தூங்கி விழுந்தான். "என்ன மாப்ள, ராத்திரி பூராம் கூத்துப் பாத்தியா?" என்று எல்லோரும் கேட்கும்படி கேலி செய்தேன். அவன் சிரித்தான். "ஒண்ணுமில்ல மச்சான், வலது பக்கம் விலாவுக்குக் கீழ கல்லக் கட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் கண் மஞ்சளானது. பரவையில் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கை கால்கள் வற்றிக் குச்சியாகியிருந்தன. வயிறு மட்டும் ஊதிப் பளபளத்தது. வைத்தியர் கீழாநெல்லி கொடுத்தார். ஈரல் கெட்டிருக்கிறது என்றார். ஈரலுக்கு ஈரல்தான் தெம்பு என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நானே முன்னின்று தினமும் ஆட்டு ஈரல் வாங்கி அனுப்பினேன். அதையும் நெய்யில் வறுத்துக் கொடுக்கச் சொன்னேன். என் மண்டி நெய்தான், முதல் தரம். அவன் இரண்டு வாய் தின்பான். மூன்றாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆடி மாதம் வயிற்றில் நீர் கோத்து, இரத்தமாக வாந்தி எடுத்து இறந்துபோனான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது.

எழவு வீட்டில் ஆண்கள் கூடி நின்ற இடத்தில் யாரோ கேட்டார்கள், "குடியா?" என்று. ஈரல் கெட்டுச் செத்தால் எங்கள் ஊரில் கேட்கிற முதல் கேள்வி அது. நான்தான் பதில் சொன்னேன். "நமக்குத் தெரியாமக் குடிச்சிருப்பான். இல்லாட்டி ஈரல் எப்படிய்யா கெடும்?" அவன் மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் கள்ளும் தொட்டதில்லை, சாராயமும் தொட்டதில்லை. அதனால் எனக்கு அந்த நோய் வராது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி பங்குனி வரைக்கும் இருந்தது. ஒருநாள் மண்டியில் குனிந்து டின்னைப் புரட்டியபோது வலது விலாவுக்குக் கீழே கனத்தது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ ஒரு செங்கல்லை வைத்து மறந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டேன். அவன் சொன்ன அதே இடம்.

அன்று முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை. சவரக் கடையில் உட்கார்ந்தால் கண்ணாடியில் கண்ணைத்தான் பார்ப்பேன். "அண்ணே, முகத்தக் காட்டுங்க, கண்ணையா செரைக்கப் போறேன்?" என்பார் கடைக்காரர். சிறுநீர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மஞ்சளாகத்தான் இருக்கும், யாருக்குத்தான் இல்லை. ஆனால் நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்று நின்று யோசிப்பேன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கண் செருகும்போது, இது தூக்கமா, அவனுக்கு வந்த அசதியா என்று உடம்பு உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன். கைகளை நீட்டி மணிக்கட்டைப் பார்ப்பேன், வற்றுகிறதா என்று. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "குடியா?" என்று கேட்பார்களே. அந்தக் கேள்வியை அவன் தலையில் கட்டியவன் நான்.

என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். தம்பியைப் பார்த்தவள் அல்லவா. "இந்தாங்க, அந்தக் கையச் சும்மா விலாவுல வைக்காதீக" என்றாள். நான் வைத்திருந்தது எனக்கே தெரியாது. மறுநாளே ஜட்கா வண்டி பிடித்துப் பசுமலைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு கிறிஸ்தவ டாக்டர், வயதானவர், வீட்டின் முன்னறையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் படுக்கச் சொன்னார். மூச்சை இழுக்கச் சொல்லி, விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தினார். நான் மூச்சை இழுக்க இழுக்க, உள்ளேயிருந்து ஏதோ இறங்கி வந்து அவர் விரலில் இடிப்பது எனக்கே தெரிந்தது.

"குடிப்பீங்களா?"

"சாமி சத்தியமா இல்லீங்க."

"நெய்?"

"அது தொழிலுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு அவர் நிதானமாகச் சொன்னார். "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தியாயிருச்சு ஐயா."

என்னிடம் அப்படி ஒரு வார்த்தையை நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. மதுரையில் கொழுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் பெஞ்சிலிருந்து இறங்கிச் சட்டையை மாட்டினேன். "யாருக்குய்யா கொழுப்பு? தலையில பானை தூக்கிச் சம்பாதிச்ச கொழுப்பு இது. நாலு எழுத்துப் படிச்சிட்டா எதையும் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். என் மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள். ஜட்காவில் ஏறியதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அவரு சொன்னது ஈரல்ல இருக்க கொழுப்பங்க. நீங்க காட்டிட்டு வந்தது வேற கொழுப்பு."

எனக்கு அது புரியாமல் இல்லை. பாதி வழியிலேயே புரிந்துவிட்டது. ஆனால் ஈரலில் எப்படிக் கொழுப்பு வரும்? ஈரல் என்பது இரத்தக் கட்டி மாதிரி இருப்பது. அவர் தெரியாமல் சொல்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஊரார் நம்பிக்கைப்படி எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொள்ள, ஆட்டு ஈரல் வாங்கக் கசாப்புக் கடைக்குப் போனேன்.

கசாப்புக் கடை பாய் எனக்கு நீண்ட நாள் பழக்கம். "வாங்க முதலாளி" என்று ஓர் ஈரலைத் தூக்கினார். பிறகு முகத்தைச் சுளித்து அதை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.

"அது என்ன பாய், ஒதுக்குறீக?"

"அது நெய் ஈரல் முதலாளி. உங்களுக்கு வேணாம்."

எடுத்துக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டையும் வைத்தார். ஒன்று கருஞ்சிவப்பு, ஓரம் கத்தி மாதிரி மெல்லியது. மற்றது உப்பி, ஓரம் மழுங்கி, வெளுத்த மஞ்சள் நிறம். வெண்ணெய் தேங்கிய மாதிரி இருந்தது. பாய் அதைக் கீறிக் கத்தியைக் காட்டினார். கத்தியில் பிசுக்கு ஒட்டியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். என் விரலுக்குத் தெரியாத கொழுப்பா?

"இது ஏன் பாய் இப்பிடி இருக்கு?"

"கட்டிப் போட்டு வளத்த கெடா. கொட்டத்த விட்டு வெளிய வரல. பிண்ணாக்கும் சோளமுமா தின்னு தின்னு படுத்தே கெடந்துச்சு. மேயுற ஆட்டுக்கு இப்பிடி வராது."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டேன். "குடிச்சா வருமா?"

பாய் சிரித்தார். "என்ன முதலாளி, மனுசனுக்கே பத்தல. கெடாவுக்கு எவன் ஊத்திக் குடுப்பான்?"

ஈரல் வாங்காமல் திரும்பினேன். ஒரு கடை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உள்ளே இருப்பது அந்த வெளுத்ததுதான் என்று கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்றும் தோன்றியது. என் மச்சினன் குடித்திருக்கவே இல்லை. நான் பழக்கிய தொழிலில், நான் கொடுத்த வெல்லத்தையும் நெய்யையும் விழுங்கிவிட்டுப் போயிருக்கிறான். சாகக் கிடந்தவனுக்கும் நெய் வறுவல்தான் அனுப்பினேன்.

மறுநாள் நான் மட்டும் பசுமலைக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். டாக்டர் பார்த்துவிட்டு, "கோவம் போச்சா?" என்றார். "கோவம் போச்சுங்க. பயம்தான் இருக்கு" என்றேன். உட்காரச் சொன்னார்.

நான் நெய்க்காரன் என்பதால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தின்பது செலவாகாமல் மிஞ்சினால் உடம்பு அதைக் கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளுமாம். நெய் மட்டும் இல்லை, வெல்லமும் மிஞ்சுகிற சோறும்கூட அப்படி ஆகுமாம். வயிற்றில் வைத்தது போக ஈரலிலும் போய்த் தங்குமாம். குடிப்பவருக்கு அது சீக்கிரம் வரும், குடிக்காதவருக்கும் வரும் என்றார். "இப்ப உங்க ஈரல் வீங்கியிருக்கு, மிருதுவா இருக்கு. விலாவுக்குக் கீழ மூணு விரல் இறங்கியிருக்கு. இந்த நிலையில கரைக்கலாம். விட்டுட்டா சில பேருக்கு அது தழும்பாகி இறுகிப்போகும். இறுகினதக் கரைக்க என்கிட்ட ஒண்ணும் கிடையாது."

மச்சினனுக்கு வந்ததையெல்லாம் சொல்லி, "அவனுக்கு இறுகிப்போச்சா?" என்று கேட்டேன்.

"நான் பார்க்காத ஆளைப் பத்தி எப்படிச் சொல்றது? நீங்க சொல்ற லட்சணமெல்லாம் அப்படித்தான் இருக்கு."

"மருந்து எழுதிக் குடுங்க. எம்புட்டு ஆனாலும் வாங்குறேன்."

"மருந்து இல்லை."

மருந்து இல்லை என்றால் சாவு என்றுதான் நாங்கள் அறிந்திருந்தோம். அவர் விரலை மடக்கிச் சொன்னது இவ்வளவுதான்: நெய்யும் வெல்லமும் நிற்க வேண்டும். சோறு பாதியாக வேண்டும். மிச்ச இடத்துக்குக் கீரையும் காயும் மோரும். சாராயம் இதுவரை இல்லை, இனியும் கூடாது. தினம் நடக்க வேண்டும், வியர்க்கிற நடை. உடம்பு மெல்ல இளைக்க வேண்டும், பட்டினி கிடந்து ஒரேயடியாக இளைக்கக் கூடாது.

"நெய்ய ருசி பாக்காம எப்படிங்க மண்டி நடத்துறது?"

"பாருங்க. துப்பிருங்க."

அவருக்கு அது சாதாரணம். எங்கள் மண்டியில் துப்புவது என்றால் என்ன என்று அவருக்கு யார் சொல்வது?

பசுமலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே பரவைக்குப் போய் மச்சினன் மனைவி முன்னால் நின்றேன். "அவன் குடிக்கலத்தா. நான் சொன்னது பொய்" என்றேன்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "உங்களுக்குத் தெரிய இம்புட்டு நாளாச்சு."

அவள் சும்மா விடவில்லை. "அன்னைக்கு நாலு பேரு முன்னால சொன்னீக. இன்னைக்கு என்கிட்ட மட்டும் வந்து சொல்றீக." அது உண்மைதான். பிறகு அவளுடைய பார்வை என் வலது கைக்குப் போனது. கை விலாவில் இருந்தது. அவள் முகம் மாறியது. "உங்களுக்குமாண்ணே?" என்று கேட்டாள். நான் கையை எடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த சந்தை நாள் காலை. மண்டியில் பதினைந்து பேராவது டின்னோடு நின்றார்கள். முதலில் நின்றவள் கப்பலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு விவசாயச் சம்சாரி வீட்டு அம்மாள். அவள் நெய்யில் குறை சொல்ல எவனாலும் முடியாது. கம்பியை விட்டேன், வழித்தேன், நாக்கில் வைத்தேன். மணல் மணலாகக் கரைந்தது. முதல் தரம். தொண்டை தானாக விழுங்கப் போனது. நான் திரும்பி, தரையில் வைத்திருந்த மண்சட்டியில் துப்பினேன்.

டின்னோடு நின்றவர்கள் சட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன முதலாளி?" அவள் குரல் வீதி முனைவரைக்கும் கேட்டிருக்கும். "எந்த நெய்யத் துப்புறீக? எம் மாடு என்ன சீக்காளி மாடா?"

பின்னால் நின்ற ஒருவர் தன் டின்னைத் தூக்கிக்கொண்டு நகரத் தொடங்கினார். சொல்லாவிட்டால் அவள் பெயர் கெடும். சொன்னால் நான் சாகப்போகிறவன் என்று ஊர் பேசும்; சாகப்போகிறவனோடு எவன் தொழில் செய்வான்? ஏற்கெனவே ஒருவன் பெயரை நான் கெடுத்தது போதும் என்று தோன்றியது.

"சீக்காளி மாடு இல்ல ஆத்தா. சீக்காளி நாந்தேன்" என்றேன். "உன் நெய்யி முதல் தரம். என் ஈரல்ல கொழுப்புப் பிடிச்சிருக்கு. முழுங்கக் கூடாதாம். எம் மச்சினனும் இதுலதான் செத்தான். குடிச்சுச் சாகல. குடிச்சான்னு நான் சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்கங்க."

பிறகு அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைக் குறைக்காமலே சொன்னாள்: "அம்புட்டு நெய்யையும் தின்னா ஈரல் என்ன செய்யும்? நாங்க நெய்ய உங்களுக்குக் குடுத்துட்டு மோரத்தான் குடிக்கிறோம். எங்க வீட்ல எவனுக்கும் ஈரலே தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். டின்னைத் தூக்கியவர் இறக்கி வைத்தார்.

பக்கத்து மண்டிக்காரன் என் நாக்கு செத்துவிட்டது என்று கிளப்பிவிட்டான். அது நடக்கவில்லை. விழுங்கினால்தான் ருசி தெரியும் என்று நானும் நினைத்திருந்தேன். துப்பியபோதும் ஒரு டின்கூடத் தவறவில்லை. அதற்குப் பிறகு வனஸ்பதி கலந்து வந்தவனை வாசனையிலேயே பிடித்தேன். அதை விடுங்கள்.

வெல்லத்தை விட்டதுதான் கஷ்டம். நெய்யைவிட அது இழுத்தது. வெந்நீரில் கொப்பளித்து நாக்கை மாற்றிக்கொண்டேன். விடியற்காலையில் வீட்டிலிருந்து பசுமலை அடிவாரம் வரை நடந்து திரும்புவேன். முதல் வாரம் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். எதிரில் வந்த வண்டிக்காரர்கள் "முதலாளி, வண்டிய வித்துட்டீகளா?" என்று கேட்டார்கள். வயிறு குறையக் குறைய இன்னொரு பயம் வந்தது. மச்சினனுக்கும் கை கால் வற்றியதே, இது குணமா, நோயா? வேட்டியை இறுக்கிக் கட்டுகிற ஒவ்வொரு நாளும் அந்தச் சந்தேகம் இருந்தது. என் மனைவி என் கையைத் தூக்கிப் பிடித்து, புஜத்தை அமுக்கிப் பார்த்து, "சதை இருக்கு, சதை இருக்கு" என்பாள். அவள் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

தை மாதம் டாக்டர் வரச் சொன்ன நாளில் இரண்டு பேரும் நடந்தே போனோம். அவள் வெளியே நின்றாள். நான் பெஞ்சில் படுத்தேன். விரல்கள் விலாவுக்குக் கீழே அழுந்தின. "மூச்சை இழுங்க." இழுத்தேன். ஒன்றும் இடிக்கவில்லை. அவர் விரலை மேலே நகர்த்தினார். "இன்னும் இழுங்க." அவர் முகத்தையே பார்த்தேன். தேடுகிறார். இல்லை என்று தேடுகிறாரா, வேறு எதையோ கண்டுபிடித்துவிட்டுத் தேடுகிறாரா? கடைசியில் ஓரிடத்தில் நின்றார்.

"ஒரு விரல் இருக்கு. மிருதுவாத்தான் இருக்கு."

"பூராவும் போகலையா?"

"போகலாம். இப்படியே நிக்கவும் செய்யலாம். பழையபடி ஆரம்பிச்சா திரும்பி வரும், அதுல சந்தேகமே இல்லை."

நான் எதிர்பார்த்தது வேறு. பிழைத்துக்கொண்டீர்கள் என்று அவர் சொல்வார், மண்டி வாசலில் சர்க்கரை வழங்கலாம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். எழுந்து சட்டையை மாட்டினேன்.

வெளியே வந்ததும் என் மனைவி, "என்னவாம்?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு விரல் இருக்காம்."

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே ஒரு ஜட்கா காலியாக நின்றது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். "ரெண்டு விரல் போயிருக்குல்ல. நடங்க, வெயில் ஏறுறதுக்குள்ள போயிருவோம்" என்று சொல்லி முன்னால் போனாள். அவள் பின்னால் நடந்தேன்.